படிக்கும் நோக்கம் அறவே இல்லை

ஒரு மாநிலத்தை விட்டு இன்னொரு மாநிலத்துக்குக் குடிபோவது எந்தச் சட்டப்படியும் குற்றமில்லை. போன இடத்தில் வாடகைக்கு வீடு பிடிக்கலாம், தண்ணீர் வரவில்லை என்று வீட்டுக்காரரோடு மல்லுக்கு நிற்கலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். போன இடத்தில் படிக்க ஆசைப்படுவதுதான் தப்பு. இந்தச் சங்கதி பாவம் நாடிக்காரிக்குத் தெரியாது.

நாடிக்காரி என்பது வீட்டில் வைத்த பெயர். பழைய ஊர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைக்கிற உதவியாளராகப் பல வருஷம் இருந்தவள். அந்தப் பழக்கத்தில், யாரோடு பேசினாலும் அவள் கை தானாகப் போய் எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும். கல்யாணத்துக்கு முன்னால் முதல் சந்திப்பிலேயே புருஷனின் கையைப் பிடித்தாள். காதல் என்று அவர் உருகிப்போனார். "உங்களுக்குக் கொஞ்சம் வேகமா அடிக்குது" என்றாளாம். நாத்தனார் இதை இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். புது மாநிலத்தில் கட்டடங்கள் உயர உயர, லிஃப்டுகளும் அந்தரத்தில் நின்றுகொண்டே இருந்ததால் அவருக்கு அங்கே மாற்றலாயிற்று. அங்கே நர்ஸிங் பள்ளிகள் ஏராளம், உன்னை நர்ஸாக்காமல் விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் பெண்டாட்டியை வண்டி ஏற்றினார். நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்த கைக்கு ஊசி போடவும் உரிமை வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை.

முதலில் பார்த்தது கண்ணாடியால் கட்டின தனியார் பள்ளி. உள்ளே ஒரு செயற்கை அருவி, படம் எடுத்துக்கொள்ள ஒரு மூலை, நோயாளியாக ஒரு பொம்மை. சாதாரணப் பொம்மை இல்லை. ஊசி குத்தினால் முனகும், ஒழுங்காகக் குத்தினால் நன்றி சொல்லும். நிஜ நோயாளிகள் எங்கே என்று நாடிக்காரி கேட்டதற்கு, வரவேற்பில் இருந்த பெண் மூக்கைச் சுளித்தாள். அவர்களை உள்ளே விட்டால் இடம் அழுக்காகிவிடுமாம். கட்டணத்தைக் கேட்ட புருஷன் வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிட்டார், நாடிக்காரி அவர் கையைத்தான் பிடித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

இரண்டாவது, செல்போனிலேயே நர்ஸிங். தலையணைக்குக் கட்டுப் போட்டுப் படம் அனுப்பினால் போதும். போன வருஷம் முதலாவதாக வந்த மாணவி இதுவரை ஒரு மனுஷரைக்கூடத் தொட்டதில்லை என்று விளம்பரத்திலேயே பெருமையாகப் போட்டிருந்தார்கள்.

மூன்றாவது, அரசு ஆஸ்பத்திரியை ஒட்டின பள்ளி. சுவரில் காரை பெயர்ந்திருந்தது, மின்விசிறி நினைத்தால் சுற்றியது. ஆனால் வகுப்பு ஜன்னலைத் திறந்தால் வார்டு. நிஜ நோயாளிகள் நிஜமாகவே முனகினார்கள். கட்டணம் இவர்கள் கைக்கு அடக்கம். பாதி பெஞ்சு காலி. நாடிக்காரிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அந்தக் கட்டணம் உள்மாநிலத்தாருக்கு மட்டும், வெளிமாநிலத்தார் கட்டுவது கண்ணாடிப் பள்ளிக் கட்டணத்துக்குக் கொஞ்சமும் குறையாது என்று அப்புறம்தான் சொன்னார்கள். உள்மாநிலத்தார் ஆக வேண்டுமானால் குடியிருப்பு நோக்க ஆய்வுத் துறைக்குப் போக வேண்டும்.

அங்கே கவுண்டரில் இருந்த அம்மாள் நல்லவர். இங்கே எதற்காகக் குடிவந்தீர்கள் என்று கேட்டார். நாடிக்காரி மலர்ந்த முகத்தோடு, நர்ஸிங் படிக்கத்தான் என்றாள். அந்த அம்மாள் பேனாவை மூடிவைத்துவிட்டார்.

"போச்சு. நீங்க அதைச் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. வீட்டுக்குப் போயிட்டு ஒரு வருஷம் கழிச்சு வாங்க."

அப்புறம் பொறுமையாக விளக்கினார். மேற்படி மாநிலத்தில் ஒரு வருஷம் வசிக்க வேண்டும். அப்படி வசிப்பது படிக்கும் நோக்கத்தோடு இருக்கக்கூடாது. நோக்கம் இல்லை என்பதை ஆய்வாளர் வீட்டுக்கே வந்து பார்த்து உறுதிசெய்வார். நோக்கம் இல்லாதவர்களுக்குச் சலுகைக் கட்டணத்தில் உடனே இடம்.

"படிக்கிற ஆசையே இல்லாதவங்க எதுக்கும்மா பள்ளிக்கூடத்துக்கு வரப்போறாங்க?"

"அதனாலதான் பெஞ்சு காலியா இருக்கு" என்றார் அந்த அம்மாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

சரி, சட்டம் என்று இருந்தால் மதிக்க வேண்டியதுதான். நாடிக்காரி ஒரு வருஷம் ஆசையில்லாமல் வாழ்ந்தாள். பழைய ஆஸ்பத்திரியில் டாக்டர் கொடுத்திருந்த உடற்கூறு புத்தகம் அரிசி டின்னுக்குள் போயிற்று. வெளியே போனால் யார் மணிக்கட்டும் அகப்படாமலிருக்க இரண்டு கையிலும் பை பிடித்துக்கொண்டாள். அக்கம்பக்கத்தில் யாராவது கண்கொத்திப் பாம்பாக இருந்து ஆய்வாளரிடம் போட்டுக்கொடுத்துவிட்டால்?

நாத்தனார்தான் யோசனை சொன்னாள். ஆசையே இல்லாத பெண்ணாகத் தெரிய வேண்டுமென்றால் இப்போது எல்லாரும் போகிற மூச்சு வகுப்புக்குப் போங்கள் அண்ணி என்றாள். அந்த ஊரில் அது பெரிய நாகரிகம். பிறந்த நாளிலிருந்து சும்மா விட்டுக்கொண்டிருந்த மூச்சை, பாய் விரித்து, பணம் கட்டி விட்டார்கள். கற்றுக்கொடுத்த குருவுக்கோ கடுமையான இழுப்பு. அவர் நெஞ்சு விசிலடிப்பது கடைசிப் பாய் வரைக்கும் கேட்டது. அந்த விசிலைக் கடைப்பிடிக்க வேண்டிய முறை என்று நினைத்து, மற்றவர்களும் விசிலடிக்கப் பழகினார்கள். ஒரு நல்ல டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லத் துடித்த வாயை நாடிக்காரி கடித்து அடக்கினாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதாள். நான் படிக்கிறதுக்காக மனுஷத் தன்மையை விட வேண்டியிருக்கே என்று அழுதாள். இன்னும் கொஞ்ச நாள்தான் என்று தேற்றினார் புருஷன்.

ஆய்வாளர் வந்தார். வந்தார் என்றால் மாடி ஏறி வந்தார். அவர்கள் இருந்த கட்டடத்து லிஃப்ட் ஓடவில்லை. லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்டை அவரே பழுதுபார்த்தால் சுயநலம் என்று ஒரு உத்தரவு இருந்தது. ஆய்வாளருக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் கடமை தவறாதவர், நாற்காலியில் உட்காருமுன்பே கேள்வியை ஆரம்பித்துவிட்டார்.

உடம்பில் எத்தனை எலும்பு என்று கேட்டார். எண்ணிப் பார்த்ததில்லைங்க என்றாள் நாடிக்காரி. இதயம் எந்தப் பக்கம் என்றார். அவள் யோசிக்கிற மாதிரி முழங்காலைத் தடவினாள். ரத்தம் என்ன நிறம் என்றபோது, எங்கே உண்மை வந்துவிடுமோ என்று புருஷன் குறுக்கே பாய்ந்து, "ஆளுக்கு ஆள் மாறும் சார்" என்றார். ஆய்வாளருக்கு மகா திருப்தி. அறியாமை பூரணமாக உள்ளது, நோக்கம் அறவே காணப்படவில்லை என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

பேனா காகிதத்தில் பட்டது. பட்ட இடத்திலேயே நடுங்கியது. ஆய்வாளரின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாகக் கோர்த்தது, பேச்சு குழறியது. காலையில் சர்க்கரைக்கு மாத்திரை போட்டுவிட்டு, சாப்பிடாமல் கிளம்பியிருந்தார் மனுஷர். நாடிக்காரிக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. புருஷனுக்கும் அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"கையெழுத்து மட்டும் போட்டுடட்டும். ஒரு நிமிஷம்தான். கையைக் கட்டிக்க" என்று காதோடு கெஞ்சினார்.

ஒரு வருஷத்து ஆசையில்லாமை அந்த ஒரு நிமிஷத்தில் காற்றில் போயிற்று. நாடிக்காரி பேனாவைப் பிடுங்கி எறிந்தாள். சர்க்கரையைக் கரைத்தாள், அவரை நிமிர்த்தி உட்காரவைத்துச் சிறுகச் சிறுகக் குடிக்கவைத்தாள். மறு கை அவர் மணிக்கட்டை விடவே இல்லை. புருஷனை அனுப்பிச் சாப்பிட ரொட்டி வாங்கிவரச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் ஆய்வாளருக்குக் கண் தெளிந்தது.

"நாடி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"முதல்ல தாறுமாறா ஓடுச்சு, இப்ப எண்பதுக்கு வந்திருக்குங்க" என்றாள், நிம்மதியாக.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். ஆய்வாளர் கண்ணில் தண்ணீர் நின்றது. என் உயிரைக் காப்பாற்றின தெய்வம் நீங்கள் என்று கும்பிட்டார். கும்பிட்ட கையாலேயே பேனாவைத் தேடி எடுத்து, முன்பு எழுதியதை அடித்துவிட்டு, நோக்கம் செயலளவில் நிரூபிக்கப்பட்டது என்று எழுதினார். சட்டம் தன்னையும் கட்டுப்படுத்தும் என்று வருத்தத்தோடு சொன்னார்.

ஆனால் நன்றி கெட்டவர் இல்லை அவர். வாசல் வரை போனவர் திரும்பி வந்து ஒரு உபவிதியைச் சொன்னார். ஒருவர் அந்த அரசுப் பள்ளியில் மாணவராகி முதல் வருஷத்தை முடித்துவிட்டால், அவர் குடும்பத்தாருக்கு நோக்க ஆய்வு கிடையாது. இந்த வீட்டில் ஒரு வருஷம் வசித்தும் நர்ஸிங் நோக்கம் கடுகளவும் இல்லாத ஒருவர் இருக்கிறாரே என்று, கையில் ரொட்டியோடு நின்ற புருஷனை ஏற இறங்கப் பார்த்தார்.

புருஷனுக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும். அவர் பெண்டாட்டியைப் பார்த்தார். "உனக்காக ஒரு வருஷம் மயங்குறேன், போ" என்றார். அவருக்கு அன்றே இடம் கிடைத்தது. நோக்கமின்மையில் அவ்வளவு சுத்தமான ஆள் பல வருஷமாக வந்ததில்லை என்று பள்ளி முதல்வர் கைகுலுக்கினார்.

புருஷன் வேலையை விட்டுப் படிக்கப் போனபின் வீட்டுக்கு வருமானம் வேண்டுமே. லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி என்ற தகுதியில், பள்ளியை ஒட்டின அதே அரசு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்கும் வேலை நாடிக்காரிக்குக் கிடைத்தது. அதற்கு எந்த நோக்கமும் தேவைப்படவில்லை. ஏறுகிறவர்களின் மணிக்கட்டை அவள் பிடித்தாள், சாய்ந்துகிடந்தவர்களை நிமிர்த்தினாள், மாத்திரை போட்டாயா, சாப்பிட்டாயா என்று அதட்டினாள். வார்டில் முனகிக்கொண்டிருந்த நோயாளிகள் மேலும் கீழும் போய்வர ஆரம்பித்தார்கள். லிஃப்ட் வாசலில் எப்போதும் கூட்டம்.

ஒருநாள் ஆய்வாளரே அங்கே படுக்கவேண்டி வந்தது. மறுபடியும் சர்க்கரைதான். கண் விழித்தபோது, தலைமாட்டில் ஒரு மாணவர் ஊசியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊசி நடுங்கியது, மாணவரின் கண் இறுக மூடியிருந்தது.

"நீங்களா?" என்றார் ஆய்வாளர். "கண்ணைத் திறங்க சார்."

"திறந்தா விழுந்துடுவேன் சார்" என்றார் மாணவர். "எந்தக் கைன்னு மட்டும் சொல்லுங்க."

ஆய்வாளர் போர்வையை உதறிவிட்டு எழுந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு லிஃப்டுக்குள் போய் விழுந்தார். நாடிக்காரி ஒரு கையால் அவரைத் தாங்கி ஸ்டூலில் உட்காரவைத்தாள். மறு கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"எந்த மாடிங்க?"

"எந்த மாடியும் வேண்டாம்மா. நான் இங்கேயே உன் பக்கத்துல இருந்துக்கிறேன்."

நாடிக்காரி சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினாள். அவருடைய துறையே அனுப்பியிருந்த அறிவிப்பு அது.

"அப்படியெல்லாம் இருக்க முடியாதுங்க" என்றாள் பணிவாக. "இதுல ஏறுறவங்களுக்கு எங்கேயாவது போற நோக்கம் இருக்கணும்."