கொலுவும் ஓர் இன்ஷூரன்ஸ் பாலிசியும்

கொலுவின் மூன்றாம் படியில் ஒரு பல்பு மட்டும் விட்டுவிட்டு எரிந்தது. குருமூர்த்தி அதை முறைத்தார். வாத்தியார் பிள்ளை மக்கு என்பது எலக்ட்ரீஷியன் வீட்டுப் பல்புக்கும் பொருந்தும் போலிருக்கிறது.

இன்றைக்குப் பார்த்தா இப்படி! கம்பெனி வேலையை உதறிவிட்டுச் சொந்தமாக ஒயரிங் கான்ட்ராக்ட் எடுக்க ஆரம்பித்தவருக்கு, வங்காளிகள் நிறைந்த கரியாஹாட்டில் ஒரு முழுக் கட்டடத்து வேலையே கிடைக்கவிருந்தது. ஒரே நிபந்தனை: வேலையில் யாருக்காவது ஷாக் அடித்தால் நஷ்ட ஈடு கொடுக்க அவர் பெயரில் இன்ஷூரன்ஸ் இருக்க வேண்டும். பாலிசி கொடுக்கும் முன் அவருடைய வீட்டோடு சேர்ந்த ஆபீஸைப் பார்க்க ஐந்து மணிக்கு ஆள் வரும் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள்.

"இன்னிக்கு பாலிசி வாங்காம விடப்போறதில்லை!" என்று காலையிலேயே சபதம் போட்டாயிற்று. அவர் மனைவி ஷியாமளா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் வெற்றிலை வாங்க லேக் மார்க்கெட் போய்விட்டாள். நவராத்திரி இரண்டாம் நாள். அவள் கவலை அவளுக்கு.

சரியாக ஐந்துக்கு வாசல் மணி அடித்தது. வாசலில் கையில் மொபைலோடு ஓர் இளம்பெண்.

"நமஸ்காரம் மாமா."

"தமிழா? வாங்கோ மேடம், வாங்கோ!"

மாமா என்கிறாளே, நம்ம மனுஷிதான் என்று அவருக்குத் தைரியம் வந்தது. அவள் நேரே கொலுவைப் போட்டோ எடுத்தாள். தைரியம் போய்விட்டது.

"அந்த பல்பு ஏன் இப்படி மினுக்கறது?"

"ஒரே நிமிஷம்!"

பல்பைத் திருகினார். முழங்கை பட்டு, கொலுவுக்குக் கீழே போட்டிருந்த பொம்மைப் பார்க்கின் குட்டி நீரூற்று கவிழ்ந்தது. தண்ணீர் எக்ஸ்டென்ஷன் போர்டில் வழிய, டப்பென்று வீடே இருண்டது.

"ட்ரிப் ஆயிடுத்து. பாத்தேளா, ஸேஃப்டி எப்படி வேலை செய்யறது!"

"ஈரமா இருக்கே மாமா, விட்டுடுங்கோளேன்."

"விடறதாவது! இருபத்தாறு வருஷ அனுபவம்!"

வெளி வராந்தாவிலிருந்த, அடுக்குமாடிக் கட்டடத்துக்கே பொதுவான பிளக்கிலிருந்து ஒயர் இழுத்து, அதே போர்டுக்குக் கொடுத்தார். ஒரு கணம் கொலு ஜொலித்தது. அடுத்த கணம் டமார். வராந்தா, மாடிப்படி, எல்லாமே இருட்டு.

குருமூர்த்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மேடம், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இதை மட்டும் ரிப்போர்ட்ல எழுதிடாதேங்கோ. இந்தக் கான்ட்ராக்ட் போச்சுன்னா, இந்த வயசுல மறுபடி யார்கிட்டயோ போய்க் கைகட்டி நிக்கணும்."

"என்ன ரிப்போர்ட்? நான் மதுவந்தி மாமா, மூணாவது மாடிக்குப் புதுசா வந்திருக்கோம். மாமி கொலுவுக்குக் கூப்பிட்டாளே!"

போன உயிர் திரும்பி வந்தது. குருமூர்த்தி வாய்விட்டுச் சிரித்தார்.

"அட ராமா! அப்போ இன்ஷூரன்ஸ்காரர் இன்னும் வரவே இல்லையா? வரதுக்குள்ள எல்லாத்தையும் சரி பண்ணிடறேன். நீ சுண்டல் எடுத்துக்கோம்மா!"

ஸ்க்ரூ டிரைவரோடு வீராவேசமாக வெளியே வந்தவர் மீது டார்ச் வெளிச்சம் விழுந்தது. வாட்ச்மேன் நிமாய் மூச்சிரைக்கப் படியேறி வந்து வங்காள மொழியில் கத்தினார்:

"அண்ணா, லிஃப்ட் பாதியில நின்னு போச்சு! உங்க வீட்டுக்கு வந்த இன்ஷூரன்ஸ் பாபு உள்ளே மாட்டிக்கிட்டு அலறிட்டிருக்கார்!"