ஏழு ஊட்டுக்கு ஒரே கை

என் மொச்சக்கொட்டைக்கு அம்மா எழுதிக்கொள்வது.

கடுதாசி என்றால் இவ்விடம் அனைவரும் சேமம், அவ்விடத்துச் சேமத்துக்கு எழுதவும் என்று ஆரம்பிக்க வேண்டும் என மூணாங்கிளாசில் சொல்லிக் கொடுத்தார்கள். இவ்விடம் உன் அப்பாவும் நானும் எருமையும் இருக்கிறோம். அவ்விடத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. நீ போய் நாப்பது நாள் ஆச்சு சாமி. நேத்துத்தான் உன் பேரைப் புஸ்தகத்தில் சரி பண்ணினார்கள், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மாசியில் அம்மை குத்துகிற சர்க்கார் ஆள், வீரன்னு பேரு, ஊருக்கு வந்தாரே. குத்தினால் மாரியாத்தா கோவிச்சுக்குவா என்று எங்களுக்குப் பயம். நீயும் ஊசியைப் பார்த்து அழுதாய். கையில் பழைய தழும்பு இருந்தால் அவர் குத்த மாட்டார், எழுதிக்கிட்டுப் போயிடுவார். பக்கத்து ஊட்டு அத்தாயியின் தங்கச்சி மவ சௌந்திரம் சூரமங்கலத்திலிருந்து விருந்துக்கு வந்திருந்தாள். அவளுக்கு ரயில்வே லைனிலேயே குத்தி, இடது கையில் நாலு தழும்பு காசாட்டம் இருந்தது. உன்னைத் தானியத் தொம்பைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டு, கதவு சந்தில் அவ கையை மட்டும் நீட்டச் சொன்னேன். "ராசாத்திங்க, வயசு அஞ்சு" என்றேன். அவர் எழுதிக்கிட்டார். அவ பின்வாசல் வழியா அடுத்த ஊட்டுக்கு ஓடினா. ஊட்டுக்கு ஒரு பொரியுருண்டை கூலி. இப்படி ஏழு ஊடு. ஆறாவதா அத்தாயி மவன் சின்னண்ணனா நின்னப்போ கையில கண்ணாடி வளையலு. "பையனுக்கு ஏம்மா வளையல்?"னு கேட்டார். "வேண்டுதலுங்க"ன்னா அத்தாயி, கண்ணைக்கூடச் சிமிட்டாம. அன்னைக்குப் பொழுதெல்லாம் சிரிச்சோம்.

சித்திரையில உனக்கு அம்மை போட்டுது. அதை எழுத மாட்டேன். சாவு எழுதற மணியக்காரர் தீர்த்தகிரி வந்து "என்ன சீக்கு?"ன்னார். அம்மைங்கன்னேன். "உம்புள்ளைக்குத்தான் குத்தியாச்சுன்னு இருக்குதே. குத்தின புள்ளை அம்மையில சாகாது மாரக்கா. ரெண்டு புஸ்தகமும் ஒத்து வரோணும்"னு சொல்லி, காய்ச்சல்னு எழுதிட்டார். நானும் வாயை மூடிக்கிட்டேன். பொறவு சின்னண்ணனுக்கு மேலு கொதிச்சுது. குத்தற மருந்து அனுப்பச் சொல்லுங்கன்னு மணியக்காரர்கிட்டக் கேட்டா, "இந்த ஊருல அம்மையே இல்லை, எல்லாப் புள்ளைக்கும் குத்தியாச்சு"ங்கறார். புஸ்தகம் அப்படித்தான் சொல்லுதாம்.

மக்காநாளே ஆட்டையாம்பட்டிக்கு நடந்து போயி, சுகாதார இன்ஸ்பெக்டர்கிட்ட உள்ளதைச் சொன்னேன். அவர் புஸ்தகத்தை எடுத்து விரலு வெச்சுப் படிச்சார். ராசாத்தி, இடது கை, நாலு தழும்பு, நடுவுல ஒரு மச்சம். அடுத்த பேரு, இடது கை, நாலு தழும்பு, நடுவுல ஒரு மச்சம். ஏழு பேருக்கும் அதே மச்சம். வீரனும் அங்கதான் நின்னார், ஒண்ணு விடாம எழுதியிருக்கார் பாவம். "ஏப்பா, இதை நீ திருப்பிப் படிக்கவே இல்லையா?"ன்னார் இன்ஸ்பெக்டர். "எழுதறதுதானுங்க என் வேலை. படிக்கறது உங்க வேலைங்க"ன்னார் வீரன். யாராச்சும் ஒருத்தர், ஒரே ஒருக்கா அதைப் படிச்சிருந்தா.

ரெண்டு பேருமா நேத்து ஊருக்கு வந்தாங்க. பேரு கூப்பிட்டு, மொகத்தைப் பார்த்து, அப்புறம்தான் கையைப் புடிச்சாங்க. சின்னண்ணனுக்கு வெறும் வேக்காட்டுக் காய்ச்சல்தான், அவனுக்கும் குத்தியாச்சு. உம்பேருக்கு நேரா ரெண்டு புஸ்தகத்துலயும் அடிச்சுச் சிவப்பு மையில எழுதினாங்க: குத்தலை. பெரியம்மை. இன்னைக்குக் கிணத்தடியில ஒரு பொம்பளையும் எங்கூடப் பேசலை, புள்ளைங்க கைவலியில ராத்திரியெல்லாம் அழுவுதுங்களாம். அழுவட்டும். அழுவறதுக்கு இருக்குதுங்களே.

நூறு வயசு இருன்னு எழுதி முடிக்கோணும். அது உனக்கு இனி ஆவாது. நிழலாப் பார்த்து உக்காந்துக்கோ கண்ணு.

உன் அம்மா,
மாரக்காள்

எழுத விட்டது: நீ ஊசியைப் பார்த்து அழுதாய்னு மேலே எழுதியிருக்கேன். இன்ஸ்பெக்டர்கிட்டயும் அதையேதான் சொன்னேன், அவரும் எழுதிக்கிட்டார். நீ அழுவவே இல்லை. "நானும் கை காட்டறேம்மா"ன்னு நீட்டிக்கிட்டு வந்தே. நான்தான் வாயைப் பொத்தி உள்ளார இழுத்தேன். நான் பொத்தினப்போ உனக்கு வலிச்சுதா சாமி?