செத்தும் நாற்காலியை விடாத கேப்டன்

அன்பு மைத்துனனும், வாராவாரம் பத்திரிகையில் விண்கலம் ஓட்டும் தொடர்கதை எழுத்தாளனுமான உனக்கு, சின்ன அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே உன் சின்னக்கா நலம். லிஃப்ட் கம்பெனி வேலை வழக்கம்போல ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. நான்தான் நலமில்லை. காரணம் நீ.

மூன்று மாதம் முன்பு வீட்டுக்கு வந்திருந்தபோது, "கதை தேங்கி நிக்குது அத்தான், என்ன செய்யலாம்?" என்று கேட்டாய். "கேப்டனைக் கொன்னுடு" என்றேன். இலக்கிய அக்கறையில் சொன்னதாக நினைத்திருப்பாய். இல்லை, வயிற்றெரிச்சலில் சொன்னேன். கேப்டன் யார் என்று எனக்குத் தெரியாதா? ஆறடி உயரம், கணீர்க் குரல், அவன் வாயைத் திறந்தால் கப்பலே எழுந்து நிற்கிறது. அச்சு அசல் உன் பெரிய அத்தான், அதாவது என் சகலை. அடித்தட்டில் எதற்கெடுத்தாலும் முணுமுணுத்துக்கொண்டு, எப்போதாவது "சரி கேப்டன்" என்று மட்டும் சொல்கிற அந்த மெக்கானிக் யார் என்பதும் தெரியும். இந்தக் குடும்பத்தில் ஸ்பானர் பிடிக்கிறவன் ஒருவன்தானே!

கேப்டன் செத்தால் கதையே மாறிவிடும் என்று நம்பினேன். நாற்காலி காலியாகும், கப்பல் திசை தெரியாமல் தடுமாறும், மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு மேலே வருவான் என்றெல்லாம் மனக்கோட்டை கட்டினேன். நீயும் சொன்னபடி கொன்றாய். கதவு உள்ளேயிருந்து மூடாது என்று தெரிந்ததும், எல்லோரையும் உள்ளே தள்ளிவிட்டு, அவன் மட்டும் வெளியே நின்று தோளால் தாங்கிப் பூட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தான். அன்றைக்கு நான் விசில் அடித்துக்கொண்டே வேலைக்குப் போனேன். அந்தச் சந்தோஷம் அடுத்த இதழ் வரும்வரைகூட நிலைக்கவில்லை.

உயிரோடு இருந்தபோது அந்த ஆளுக்கு வாரம் இரண்டு பக்கம். செத்த பிறகு மொத்தமும் அவனுக்கே. முதல் வாரம் கப்பல் டாக்டரம்மா அழுதாள். அடுத்த வாரம் எதிரிக் கிரகத்துத் தளபதி நாலு கண்ணாலும் அழுதான். அதற்கடுத்த வாரம் கப்பலுக்கே அவன் பெயரை வைத்தார்கள். இந்த வாரம் அந்தக் காலி நாற்காலியைப் பற்றி நாலு பக்கம்! குத்துக்கல் மாதிரி உயிரோடு இருக்கிற மெக்கானிக்குக்கு நாலே வரி, அதில் இரண்டு வரி அழுகை. ஏண்டா, என் சகலைக்காக நான் எதற்கு அழ வேண்டும்? வீட்டிலும் இதே கூத்துதான். உன் அக்கா பத்திரிகையை மடியில் போட்டுக்கொண்டு மூக்கை உறிஞ்சுகிறாள். "நான் போனா இப்படி அழுவியா?" என்று கேட்டேன். "அதுக்குத்தான் அழுதுட்டிருக்கேன், சும்மா இருங்க" என்றாள். என்ன பதில் இது?

நேற்று ஒரு குடியிருப்பில் நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. வழக்கம்போலக் கதவில் காதை வைத்து, இரண்டு தட்டுத் தட்டி, "என்னம்மா கோவம், யாரு என்ன சொன்னாங்க?" என்று லிஃப்டைக் கேட்டேன். உள்ளே மாட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாள், "ஐயோ, நம்ம கேப்டன் மாதிரியே பேசுறாரே!" என்று விசும்புகிறாள். யோசித்தால் உண்மைதான். கேப்டனும் என்ஜினைத் தட்டி இதையேதான் கேட்பான். எனக்கு வந்ததே கோபம்! என் சொத்தைத் திருடி அந்த மனிதருக்குக் கொடுத்திருக்கிறாய். அவர் பல்பு மாற்றவே ஆள் அனுப்பச் சொல்லிப் போன் பண்ணுகிறவர். அவர் காதில் எந்த இயந்திரம் என்ன பேசும்? எனக்குப் பொறாமைதான், ஒப்புக்கொள்கிறேன். செத்தவன்மேல் பொறாமைப்படுகிற நிலைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டாயே.

ஆகவே உடனடியாக அந்த ஆளைப் பிழைக்க வை. உயிரோடு இருந்தால் இரண்டு பக்கத்தோடு அடங்குவான். முடியாதென்றால் என்னையும் கொன்றுவிடு. ஆனால் எல்லோரும் ஆறு வாரத்துக்குக் குறையாமல் அழ வேண்டும். கேப்டன் ஆவியாக வந்தாவது அழுதே தீர வேண்டும்.

மற்றபடி உன் எழுத்து மேலும் மேலும் ஓங்கட்டும், உடம்பும் மனசும் நன்றாக இருக்கட்டும். ஆட்களைச் சரியாகப் பார்க்க ஒரு நல்ல மூக்குக் கண்ணாடி வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
அடித்தட்டிலிருந்து,
சின்ன அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உன் அக்கா இதைப் படித்துவிட்டாள். சிரித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. "கேப்டனே நீங்கதான். தம்பி முதல் இன்டர்வியூவுக்குப் போய் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டப்போ, கதவைத் தோள்ல தாங்கி எல்லாரையும் வெளிய விட்டது யாரு? அதை அவன் மறப்பானா?" என்றாள். "என் உயரத்துக்கு ஆறடியா?" என்று கேட்டேன். "அன்னைக்கு அவன் கண்ணுக்கு நீங்க அப்படித்தான் தெரிஞ்சீங்களாம்" என்றாள். போய்க் கண்ணாடி முன்னால் கொஞ்சம் நிமிர்ந்து நின்று பார்த்துவிட்டு வந்தேன். மெக்கானிக் பெரிய அத்தானாமே? கேப்டன் செத்தும் அடங்கவில்லை என்று அவரும் போன வாரமே உனக்கு எழுதிவிட்டாராமே? எனவே மேலே எழுதிய எதையும் செய்து தொலைக்காதே. கேப்டன் செத்தபடியே இருக்கட்டும். நாற்காலிக்கு நாலு பக்கம் போதாது. அப்புறம், அந்த மெக்கானிக் இரண்டு வரி அழுதது சரியாகக் காதில் விழவில்லை. அடுத்த வாரம் முழுக்க அழ விடு.