உங்கள் கார் ஷெட்டில் எங்கள் வளர்ச்சி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு என் ரத்தக்கொதிப்பைத் தவிர அனைவரும் நலம். தாங்களும் சம்பந்தியம்மாவும் இதுவரை ஷெட் பக்கம் போகாமல் இருந்தால் நலமாகவே இருப்பீர்கள்.

தங்கள் கார் மெக்கானிக்கிடம் போயிருப்பதால் காலியாகக் கிடந்த ஷெட்டில், சாக்குப் போட்டு மூடிய ஐந்து தையல் மெஷின்கள் இருக்கின்றன. வைத்தவன் நான்தான். தாங்கள் குளித்துக்கொண்டிருந்தீர்கள். குளியலறைக் கதவைத் தட்டி அனுமதி கேட்பது முறையா என்று நான் யோசித்து நிற்பதற்குள் ஆட்டோக்காரர் இறக்கிவிட்டார். விஷயம் இதுதான்: என் மகளின், அதாவது தங்கள் மருமகளின், தையல் கூடத்துக்கு ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் ஆறு மெஷின் கொடுத்து, வாடகையும் கட்டி வருகிறது. இவள் லாபத்தில் இன்னும் ஆறு வாங்கிவிட்டாள். இன்று வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வருகிறார்கள் என்று நேற்று அவள் போனில் யாரிடமோ பேசியது என் காதில் விழுந்தது. கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவனல்லவா, உடனே கணக்குப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டையும் பார்த்தால் 'தேறிவிட்டார்கள்' என்று உதவியை நிறுத்துவார்கள். பழைய ஆறையே பார்த்தால் 'கொடுத்து என்ன பயன்' என்று நிறுத்துவார்கள். வாடகை நின்றால் கூடத்தை மூட வேண்டியதுதான். ஆகவே ஒரே ஒரு மெஷின் அளவுக்கு வளர்ந்தால் போதும் என்று தீர்மானித்து, மகள் அவர்களை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போனதும் ஐந்தைக் கடத்தினேன். தைப்பவர்களில் ஐந்து பேரை வீட்டுக்குப் போகச் சொன்னேன். அவர்களில் மூத்த தையல்காரம்மா மட்டும் நகரவில்லை.

"என் மெஷின எங்க தூக்கிட்டுப் போறீங்க ஐயா? நான் மடியில வெச்சா தைக்கிறது?"

"கொஞ்ச நேரம் ஏழையா இரும்மா."

"அது எனக்கு நல்லாவே பழக்கம். சம்பளத்துல பிடிச்சிராதீங்க."

மின்விசிறிகளை நிறுத்தினேன், வறுமை அதிகமாகத் தெரிந்தது. ஒன்றைப் போட்டேன், அது சனியன் புத்தம்புதிதாகச் சுற்றுகிறது. நான் செய்தது சரிதானா என்று இப்போதும் தெரியவில்லை. ஷெட்டைப் பூட்டிவைக்கவும். மருமகள் கேட்டால் ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடவும். வாசலில் கார் சத்தம் கேட்கிறது. சம்பந்தியம்மாவுக்கு வணக்கம், மாப்பிள்ளைக்கு என் ஆசிகள்.

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

பின்குறிப்பு: ஷெட்டைப் பூட்ட வேண்டாம். வந்தவர்கள் உதவிக்காரர்கள் அல்ல. சீருடை தைக்க ஆர்டர் கொடுக்க வந்த வேறு வெளிநாட்டுக்காரர்கள். "உதவி போதும்னு போன மாசமே நான் எழுதிட்டேன்ப்பா. பன்னிரண்டு மெஷின் இருக்குன்னு சொல்லித்தான் இவங்களை வரவழைச்சேன். மீதி எங்கப்பா?" என்று மகள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பதற்றத்தில், "எங்கள் இரண்டாவது கிளையில்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அதையும் பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுவார்களாம். டீ குடித்ததும் புறப்படுகிறார்கள். சாக்குகளை எடுத்துவிட்டு விளக்கைப் போட்டு வைக்கவும். இந்தக் கடிதம் வரும் ஆட்டோவிலேயே தையல்காரம்மாவையும் அனுப்புகிறேன். மற்ற நான்கு மெஷின்களில் ஒன்றில் சம்பந்தியம்மா உட்காரலாம். இன்னொன்றில், தாங்கள் தவறாக நினைக்கவில்லை என்றால், தாங்கள்.