லலிதாவின் குரலை எண்ணிய பெட்டி

திருத்தணி
11-7-57

அரக்கோணம் அத்திம்பேர் அவர்களுக்கு கணபதிசுப்பிரமணியன் அநேக நமஸ்காரம். இவ்விடம் க்ஷேமம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன். அவ்விடம் அக்காவின் முழங்கால் வலி தேவலையா?

தாங்கள் சொன்ன வரன் தியாகேசன் ஞாயிற்றுக்கிழமை தாயாரோடு நம் லலிதாவைப் பெண் பார்க்க வந்தான். கூடவே ஒரு பெட்டியும் வந்தது. சென்னையில் அவன் வேலை பார்க்கும் ரேடியோ கம்பெனியின் சொத்தாம், ரேணிகுண்டாவில் ஒப்படைக்க வேண்டுமாம், வழியில் நம் வீட்டில் இறக்கிவிட்டான். ஸ்டேஷனிலிருந்து சுமந்து வந்த வேடியப்பன், "இன்னா சாமி, பொட்டிக்குள்ள அம்மிக்கல்ல வச்சிக்கினு வந்தீங்களா?" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

விடியற்காலையிலிருந்து மலைமேல் மடப்பள்ளியில் பொங்கல் கிண்டிவிட்டு வந்தவன் நான். சொஜ்ஜி பஜ்ஜி கொடுத்து, பெண்ணை ஒரு பாட்டுப் பாடச் சொல்லி, அவர்களை அனுப்பிவிட்டுச் சற்றுச் சாயலாம் என்றிருந்தேன். தியாகேசனோ, பாடட்டும், பெட்டி ஸ்ருதியை அளந்து காட்டும் என்றான். அது சூடேற அரைமணி ஆனது, பஜ்ஜி ஆறிவிட்டது. பெட்டியின் முகத்தில் நெட்டுக்குத்தாக விளக்கு வரிசைகள். நூறுக்கு ஒரு வரிசை, பத்துக்கு ஒன்று, ஒன்றுக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் பூஜ்யம் முதல் ஒன்பது வரை. மைக்கில் பாடினால் குரல் மின்சார அலையாக உள்ளே போகுமாம். பெட்டி சரியாக ஒரு வினாடி கதவைத் திறந்து, நுழைகிற அலைகளை எண்ணி, கதவைச் சாத்தி, எண்ணிக்கையை விளக்கில் காட்டுமாம். பிறகு அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணுமாம். லலிதா கமகத்தோடு பாடினாள். 262 என்றது, 249 என்றது, 271 என்றது. "ஏண்டா, ஒரு எண்ணுல நிக்கமாட்டேங்கறதே, பொண்ணுக்கு ஸ்ருதி சேரலையா?" என்றாள் அவன் தாயார். "பாட்டுன்னா ஏறி இறங்கத்தானேம்மா செய்யும்" என்று அவன் சொல்லியும் எடுபடவில்லை. அடுத்த வீட்டு ஆர்மோனியத்தை வரவழைத்து ஒரே கட்டையை அமுக்கிக் காட்டினான். அதற்கும் கடைசி விளக்கு ஒன்று கூடுவதும் குறைவதுமாக இருந்தது. கதவு சாத்தும்போது ஏதாவது ஓர் அலை பாதியில் மாட்டிக்கொள்ளும், அது பெட்டியின் சுபாவம் என்றான். "பெட்டி சரியில்லேன்னு சொல்லு, இல்லே பொண்ணு சரியில்லேன்னு சொல்லு" என்றாள் அந்த அம்மாள். பெட்டி கம்பெனி சொத்து, குறை சொல்ல முடியாது. யோசித்து எழுதுகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து என் அகத்துக்காரி ஜகதாம்பாள், "ஒரே எண்ணுல நில்லுடி" என்று லலிதாவைக் காலையும் மாலையும் ஸா பிடிக்க வைக்கிறாள். மலைக்குப் போனாலும் அந்த ஸா என் காதைவிட்டுப் போவதில்லை. எனக்கு அலுத்துவிட்டது, அத்திம்பேர். இந்த வரனும் தட்டிப்போனால் இன்னொரு ஜாதகத்தோடு அலைய எனக்குத் தெம்பில்லை. தாங்கள் உடனே சென்னைக்குப் போய் அந்த அம்மாளிடம் நல்லபடியாகப் பேசி முடித்துவைக்க வேண்டும்.

அக்காவுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். தணிகேசப் பெருமான் தங்களையாவது அலுப்பில்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
கணபதிசுப்பிரமணியன்

பின்குறிப்பு: சென்னைக்குப் போக வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது லலிதா கடிதத்தை வாங்கிப் படித்தாள். "நான் பாடி முடிக்கறவரைக்கும் அவர் விளக்கையேதான் பார்த்துண்டிருந்தார். ஒரு தரம்கூட என்னைப் பார்க்கலை. எனக்கு வேண்டாம்ப்பா" என்றாள். பார்க்காவிட்டால் என்ன, கேட்டுக்கொண்டுதானே இருந்தான் என்று சமாதானம் சொன்னேன். "சரி, நீங்களே சொல்லுங்கோ. அன்னிக்கு நான் என்ன பாடினேன்?" என்றாள். நானும் விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு ஜாதகம் பாருங்கள், அத்திம்பேர். பையன் வெறுங்கையோடு வரட்டும்.