மயிலின் மூக்கு

புதிதாக டிப்ளமோ வாங்கியவன் கையில் அளவுகோலைக் கொடுக்கக் கூடாது. எண்பதுகளில், தாராவியில், என் அண்ணன் அந்தத் தப்பைச் செய்தான்.

அவனுடைய மரப்பட்டறையில் ஒரு நகல் செதுக்கும் மெஷின் இருந்தது. நடுவில் வைத்த மாதிரியை ஒரு முள் தடவிக்கொண்டே போகும். பக்கத்துக் கட்டைகளில் நான்கு கத்திகள் அதையே செதுக்கும். சதுரக் கட்டையாகக் கொடுத்தால், வேண்டாத மரத்தைத் தின்பதிலேயே பாதி நாள் போய்விடும். அதற்கு வழி கண்டுபிடித்தவர் அண்ணன் மனைவி, ஸ்டெல்லா மைனி. கட்டையை முதலிலேயே ரம்பத்தில் உருவத்தின் சாடைக்கு வெட்டி, சுற்றிலும் ஒரு விரல்கடை மட்டும் விட்டுக் கொடுப்பார். மெஷினுக்குப் பாதி வேலை மிச்சம். (எட்டாவதோடு நின்றவர். எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று பொறாமையாக இருந்தது.)

செம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்து மேடைக்கு இருபத்து நான்கு தேக்கு மயில்கள் கேட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை திறப்புவிழா. வியாழனன்று மைனி வடாலாவில் ஒரு ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தார். அண்ணன் வேலையை என்னிடம் விட்டான்.

"ஒழுங்கா வந்தா மெஷின் இனி ஒன் பொறுப்புல. இல்லன்னா பேசாம ஆபீஸ் வேலைக்குப் போயிரு."

அந்த விரல்கடையே வீண் என்று நான் முடிவு கட்டினேன். மாதிரி மயிலின் நெஞ்சை அளந்தேன். அதற்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்த மரத்தையெல்லாம், இருபத்து நான்கு கட்டைகளிலும், வெட்டித் தள்ளினேன். பிறகு முதல் நான்கை மெஷினில் ஏற்றினேன். வேகம் என்றால் அப்படியொரு வேகம். (விசில்கூட அடித்தேன்.)

கடைசியில் முள் மாதிரியின் மூக்கில் ஏறியது. நான்கு கத்திகளும் வெறும் காற்றில், மகா சிரத்தையோடு, நான்கு மூக்குகளைச் செதுக்கின. சப்பை முகத்தோடு நான்கு மயில்கள் ஆந்தை போல என்னைப் பார்த்தன. வேறு தேக்கு இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் மைனி விசேஷப் புடவையோடு நேரே பட்டறைக்கு வந்தார். மயில்களைத் தடவிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"வெட்டுன துண்டையெல்லாம் கூட்டித் தள்ளிட்டியா தம்பி?"

இல்லை, மூலையில்தான் கிடந்தன. அதிலிருந்து கட்டைவிரல் அளவுக்கு இருபத்து நான்கு துண்டுகள் நறுக்கி, மூக்கு வரும் இடத்தில் பசை போட்டு ஒட்டினார். அதே மரம் என்பதால் நிறமும் ஒத்துப்போனது. மறுநாள் காலை முதல் நான்கையும் திரும்ப மெஷினில் ஏற்றினோம். மூக்கு வந்துவிட்டது. மற்ற இருபதும் பழைய முறையைவிடச் சீக்கிரமாக முடிந்தன.

அண்ணன் அசந்துபோய், இது யார் யோசனை என்று கேட்டான். "தம்பியோடதுதான்," என்றார் மைனி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். மெஷின் என் பொறுப்புக்கு வந்தது. அன்றிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்துக்கு மட்டும் துண்டு ஒட்டுவதே எங்கள் பட்டறையின் வழக்கமானது. அப்படியொரு பெருந்தன்மையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

(அண்ணனிடம் மட்டும்தான் பெருந்தன்மை. மற்ற சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டார்.)

போன வருஷம் சான்பாடா வீட்டுக்கு, வாசலை இரண்டு தடவை அளந்து, ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கினேன். வாசலிலேயே சிக்கிக்கொண்டது. அளந்துதான் வாங்கினேன் என்று மைனிக்குப் போன் போட்டுப் புலம்பினேன்.

"கைப்பிடிய அளந்தியா தம்பி?"