பாட்டுக் கேட்கப் போய்ப் பட்ட பாடு

மதிப்பிற்கும் கொஞ்சம் பயத்திற்கும் உரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரமாட்டேன் என்கிறது. தங்கள் தங்கை நலம். என் முழங்கால் நலமில்லை, மனம் அதைவிட மோசம். அங்கு தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இக்கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை அப்படியே இருக்கவும்.

போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். நான் போனில் பேசினால் தெருக்கோடி வரை கேட்கும் என்பது தாங்கள் அறிந்ததே. வாழ்நாள் முழுதும் செய்தித்தாள் அச்சகத்தில், வீடு உயரத்துக்கு நின்ற இயந்திரத்தின் பக்கத்தில் வேலை பார்த்தவன். அங்கே பேசுவது என்றால் கத்துவது. அதில் ஒரு வசதியும் இருந்தது. இயந்திரம் ஓடும்போது என்ன சொன்னாலும் யார் காதிலும் விழாது. மேனேஜர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வாயில் வந்ததையெல்லாம் சொல்லியிருக்கிறேன். அவரும் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஓய்வு பெற்று வீட்டோடு வந்த பிறகு குரலைக் குறைக்கும் குமிழ் என் உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் கடிதம்.

எல்லாம் டாக்டரம்மாவிடம் ஆரம்பித்தது. அவர் என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார். "இப்படி நாற்காலியிலயே உக்காந்திருந்தா இதயம் தாங்காது சார். நடங்க. நடக்க முடிஞ்சா ஓடுங்க" என்றார். நான் பயந்துபோய் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தங்கள் தங்கைதான் வெகுநாளாகக் காலையில் பூங்காவில் ஓடுகிறவளாயிற்றே, "எழுந்து என்கூட வாங்க" என்றாள். கல்யாணமான புதிதில் சொன்னது. அதற்கப்புறம் அந்த வார்த்தையை இப்போதுதான் கேட்கிறேன். அந்த ஒரு வார்த்தைக்காக மறுநாளே போய் ஷூ வாங்கினேன்.

பூங்கா வாசலில் அவள் செய்த முதல் காரியம், தாங்கள் போன தடவை வந்தபோது ஆசையாகக் கொடுத்தீர்களே, நீல நிறப் பாட்டுக் கருவி, அதை இடுப்பில் மாட்டி, இரண்டு காதையும் அடைத்துக்கொண்டதுதான். எனக்காக வேகத்தைக் குறைத்துப் பக்கத்திலேயே ஓடினாள் என்பதை மறைக்கவில்லை. ஆனால் முகம் நேரே, பார்வை நேரே. நான் மேல்வீட்டுக்காரரின் ஒழுகும் குழாயைப் பற்றி ஒரு சுற்று முழுக்கச் சொல்லி முடித்தேன். வாசலுக்கு வந்ததும் காதிலிருந்து கழற்றிவிட்டு, "ஏதாவது சொன்னீங்களா?" என்றாள். முதலில் சுருக்கென்றது. இரண்டு மூன்று நாளில் பழகிவிட்டது. அதற்கப்புறம், உண்மையைச் சொல்கிறேன், சுகமாகவே இருந்தது. பழைய இயந்திரம் மறுபடியும் பக்கத்தில் வந்து நின்றது போல. தங்கள் மருமகள், அதான் என் மகள், போன் செய்தால் நான் எடுத்ததும் "அம்மா இல்லையாப்பா?" என்று கேட்பதைச் சொன்னேன். அச்சகத்தில் என் இடத்துக்கு வந்தவன் ஒரு சந்தேகம்கூடக் கேட்காமல் வேலையை நடத்துவதைச் சொன்னேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவளுக்குத்தான் கேட்கவில்லையே.

ஆனால் ஓடிக்கொண்டே பேசினால் மூச்சு முட்டுகிறது. ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்து நாய் போல இளைத்துக்கொண்டிருந்தபோது தங்கள் தங்கைதான் சொன்னாள்: "பாட்டுக் கேட்டுக்கிட்டு ஓடினா மூச்சு வாங்கறது தெரியாதுங்க. நீங்களும் ஒண்ணு வாங்கிக்கங்களேன்." எவ்வளவு அக்கறை என்று நெகிழ்ந்துபோனேன். மச்சான், அந்த நெகிழ்ச்சியை நினைத்தால் இப்போது சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

கடையில் ஒரு குறுந்தாடிக்காரர். மனிதர் நல்லவர், ஆனால் கேள்வி மேல் கேள்வி. ஓட்டமா, ஜிம்மா, நீச்சலா? வேர்வை அதிகமா? காதுக்குள்ளே நுழைவதா, மேலே உட்காருவதா? "இதுக்கு ஒரு தடவை சார்ஜ் போட்டா பத்து மணி நேரம் நிக்கும் சார்" என்றார். "நான் பத்து நிமிஷம் நிக்க மாட்டேனே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கடைசியில், செலவில்லாத வழி என்று சொல்லி, கையில் இருக்கும் போனையே மேற்கையில் கட்டிக்கொள்ள ஒரு பட்டையைக் கொடுத்தார். இறுக்கிக் கட்டினால் விரல் மரத்துப்போகிறது; தளர்த்தினால் போன் முழங்கைக்கு இறங்கி வந்து வளையல் மாதிரி ஆடுகிறது. போதாததற்குப் பாட்டு நடுவே காப்பீடு விற்கும் பெண் கூப்பிட்டாள். கட்டை அவிழ்க்கத் தெரியாமல், ஓடிக்கொண்டே, கையைப் பார்த்து, "எனக்கு வேணாம்மா, நான் ரொம்ப நாள் இருக்க மாட்டேன்!" என்று கத்தினேன். எதிரே வந்த கல்லூரிப் பெண்கள் புல்வெளியில் இறங்கி வழிவிட்டார்கள்.

திருப்பிக் கொடுத்துவிட்டு, சட்டைக் காலரில் கவ்வி நிற்கும் பொத்தான் அளவு கருவி ஒன்றை வாங்கினேன். திரை கிடையாது, அதுவாகப் பார்த்து எதைப் பாடுகிறதோ அதுதான். பழைய பாட்டுகளாகப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டேனா, குறுந்தாடிக்காரரும் தாராளமாகப் போட்டுக் கொடுத்தார். அத்தனையும் பிரிவு, அத்தனையும் கண்ணீர். பாட்டு மெதுவாகப் போனால் காலும் மெதுவாகத்தான் போகும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்குப் பாட்டுத் துணை வந்ததும் தங்கள் தங்கை தன் பழைய வேகத்தில் முன்னால் போய்விட்டாள். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த அம்மாகூட என்னை முந்தினாள். மூன்றாவது பாட்டில் கைக்குட்டையைத் தேடினேன். நான்காவதில் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் தண்ணீர் கொடுத்தார், ஒருவர் யார் தவறிப்போனது என்று மெல்லக் கேட்டார். இல்லை, பாட்டுதான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது; பழைய நண்பர் ஒருவர் என்று சொல்லிவைத்தேன். இன்றுவரை பூங்காவில் என்னைப் பார்க்கிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். அந்தக் கருவி பிறகு காலரோடு சேர்ந்து வாஷிங் மெஷினுக்குள் போய், பளபளவென்று ஊமையாக வெளியே வந்தது.

மூன்றாவதாக வாங்கியது, தண்ணீரில் போட்டாலும் கெடாது என்று சத்தியம் செய்தார்கள். காதை அடைக்காமல் கன்னத்து எலும்பில் உட்கார்ந்துகொண்டு பாடும் வகை. இந்த முறை அழுகைப் பாட்டே வேண்டாம், உடற்பயிற்சிக்கென்று இருப்பதைப் போடுங்கள் என்றேன். அதில் பாட்டோடு பாட்டாக ஒரு பயிற்சியாளர் கத்துகிறார். "விடாத! இன்னும் வேகம்! முட்டியைத் தூக்கு!" நான் யாராவது கத்தினால் கீழ்ப்படிந்தே பழகியவன். தூக்கினேன். இன்னும் தூக்கு என்றார், இன்னும் தூக்கினேன். பாதை வளைந்ததை அவர் சொல்லவில்லை. நான் நேராகப் போய் முள்வேலிச் செடிக்குள் விழுந்தேன். "அம்மா!" என்று நான் அலறியதும், பூங்காவின் அந்தக் கோடியில், முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு ஓடிய தங்கள் தங்கை சட்டென்று திரும்பி, புல்வெளிக் குறுக்கே பறந்து வந்தாள். அவளும் தோட்டக்காரருமாக என்னை வெளியே இழுத்தார்கள். கருவி இரண்டாகப் பிளந்திருந்தது. முழங்காலும் ஏறக்குறைய அப்படித்தான்.

கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தபோதுதான் உறைத்தது. அவளுக்கு எப்படிக் கேட்டது?

அவள் பள்ளிக்கு வேலைக்குப் போனதும் நொண்டிக்கொண்டே எழுந்து அந்த நீலக் கருவியை எடுத்துப் பார்த்தேன். உயிர் வரவில்லை. சார்ஜ் போட்டேன். மின்மினி அளவுகூட விளக்கு எரியவில்லை. ஆட்டோ பிடித்துக் குறுந்தாடிக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பேட்டரி உப்பிப்போயிருக்கு சார். இது செத்து மாசக்கணக்கா ஆயிருக்கும்."

"நேத்துக் காலையிலகூட இதைக் கேட்டுக்கிட்டேதானேய்யா ஓடினா என் வீட்டுக்காரி?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவங்க உங்ககூடவா சார் ஓடறாங்க?"

"ஆமா."

"அப்பச் சரி" என்று மூடிக் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் அவள் வந்தாள். மேஜை மேல் கருவி இருப்பதைப் பார்த்தாள். திடுக்கிடுவாள் என்று எதிர்பார்த்தேன். கைப்பையைக் கழற்றி வைத்துவிட்டு, "தெரிஞ்சுபோச்சா?" என்றாள்.

"எப்பச் செத்துச்சு?"

"நீங்க ரிட்டயர் ஆன கொஞ்ச நாள்ல."

"ரிப்பேருக்குக் குடுத்திருக்கலாமே."

"எதுக்கு? நல்லாத்தானே வேலை செஞ்சுது."

மச்சான், எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு! அவளே எதிரே உட்கார்ந்தாள். "நாள் பூரா அட்மிஷன் ஜன்னலுக்குப் பின்னால உக்காந்து அப்பா அம்மாக்களோட புகாரைக் கேக்கறேன். வீட்டுக்கு வந்தா நீங்க. போன் அடிச்சா பொண்ணு. எல்லாரும் பேசறீங்க, நான் கேட்டுக்கிட்டே இருக்கேன். காலையில அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பதில் சொல்ற வேலை வேண்டாம்னு இருந்துச்சு. அவ்வளவுதாங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். களைத்துப்போன குரலில் சொன்னாள்.

"அப்போ நான் சொன்னதெல்லாம் கேட்டுச்சா?"

"எல்லாந்தான். பூங்காவுக்கே கேட்டுது."

"அந்த... நாற்காலி விஷயம்?"

அது என்ன என்று தங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலையில், அவள் காது அடைத்திருக்கிறது என்ற தைரியத்தில், சொல்லிவிட்டேன்: நாற்காலியில் இருக்கும்போதே என் இதயம் நின்றுபோனால், நீ வேலை முடிந்து வரும்வரை யாருக்கும் தெரியாது, சாவதைவிட அப்படிக் காத்துக் கிடப்பதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது என்று.

"அதுவும் கேட்டுது" என்றாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா அதோட நிறுத்தியிருப்பீங்க. சும்மாதான் சொன்னேன்னு மழுப்பியிருப்பீங்க." மேஜை மேலிருந்த கருவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டே, "அதுலேர்ந்துதானே மத்தியானம் மத்தியானம் போன் பண்றேன்" என்றாள்.

உண்மைதான். தினமும் மதியம் கூப்பிடுவாள். கேஸை அணைத்தீர்களா, துணி காய்ந்ததா, பால்காரர் வந்தாரா என்று ஏதாவது உப்புச்சப்பில்லாத கேள்வி. தூக்கத்தைக் கெடுக்கிறாள் என்று நான் எரிந்து விழுந்திருக்கிறேன். எரிந்து விழும் சத்தம் கேட்டதும் "சரி, சரி" என்று நிம்மதியாகப் போனை வைத்துவிடுவாள்.

இனி நான் எந்த முகத்தோடு அந்தப் பூங்காவுக்குப் போவேன்? என் மனதின் உள்பாக்கெட் வரை வெளியே இழுத்துப் போட்டாகிவிட்டது. தங்களைப் பற்றியும் ஓரிரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கல்யாணத்தின்போது தாங்கள் என் தோளைத் தட்டி "ஆள் ரொம்ப அமைதி" என்று சொன்ன தீர்ப்பைப் பற்றியும், தங்கள் கார் ஓட்டும் லட்சணத்தைப் பற்றியும். அவள் ஏதாவது சொன்னால் ஓட்டத்தில் மூச்சு வாங்கி உளறியது என்று எடுத்துக்கொள்ளவும். நான் முடிவு செய்துவிட்டேன். இனி ஓட்டமில்லை. பாட்டில்லை. அவளிடம் அவசியமானதைத் தவிர ஒரு சொல்லும் இல்லை. கேட்டால் பதில், கேட்காவிட்டால் மௌனம். தாங்கள் அடுத்த வண்டியிலேயே புறப்பட்டு வந்து, தங்கள் தங்கையை ஒரு மாதம் தங்களோடு அழைத்துப் போய், அவள் விரும்பும் அமைதியைக் கொடுத்து அனுப்பவும். தயவுசெய்து இனிமேல் இந்த வீட்டுக்குப் பாடும் பொருள் எதையும் பரிசாகக் கொண்டுவராதீர்கள்.

பெரியவர்களுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளும் வளையும் முழங்கால்களும் கிடைக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
மனம் உடைந்த நிலையில்,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: தபால்தலை வாங்க மறந்து இக்கடிதம் சில நாள் மேஜையிலேயே கிடந்துவிட்டது. தாங்கள் வர வேண்டாம். மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தவும் வேண்டாம். முழங்கால் தேறியதும் அவளே வந்து எழுப்பினாள். பாதித் தூரம் மௌனம், பாதித் தூரம் பேச்சு என்று ஒப்பந்தம். மௌனப் பாதியை நான் கண்ணியமாகக் கடந்தேன். பேச்சுப் பாதியில் அவள் ஆரம்பித்தாள் மச்சான்! இன்னும் நிறுத்தவில்லை. தலைமையாசிரியையில் தொடங்கி, பக்கத்து ஜன்னல்காரியின் விவாகரத்து வழியாக, சின்ன வயதில் தாங்கள் அவளை மாமரத்தில் ஏற்றிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு ஓடியது வரை வந்திருக்கிறாள். எனக்கு மூச்சு வாங்குவதால் ஒரு "உம்" கூடக் கொட்ட முடியவில்லை. அவளுக்கு மூச்சே வாங்குவதில்லை. ஆகையால் காதை நன்றாக அடைக்கும்படியான பாட்டுக் கருவி ஒன்று எனக்காகப் பார்த்து அனுப்பவும். அவசரமில்லை. மரத்திலிருந்து அவள் எப்படி இறங்கினாள் என்பதை நாளைக் காலைதான் சொல்வதாக இருக்கிறாள்.